சித்திரகுப்தனின் வாரிசுகள்

எமலோகத்திலே ஒரு கணக்கப்பிள்ளை உண்டாம், பெயர் சித்திரகுப்தனாம். மண்ணிலே பிறந்தவர் ஒவ்வொருவருக்கும் அவரிடம் ஓர் ஏடு உண்டாம். செய்த வினையெல்லாம் அதிலே ஏறுமாம். எழுதுபவர் சித்திரகுப்தன், கேட்பவர் எமதருமன், எண்ணெய்க் கொப்பரையிலே வேகப் போகிறவர் நாம்! "ஐயா, என் ஏட்டை நான் ஒருமுறை பார்க்கலாமா? மூன்றாம் வரியில் எழுதியிருப்பது பொய்யாயிற்றே!" என்று கேட்க அந்த மன்றத்திலே வழி இருப்பதாக, கதாகாலட்சேபம் செய்வோர் எவரும் நமக்குச் சொன்னதில்லை.

கேட்டு நகைக்கிறோம். நகைக்கத்தான் வேண்டும். ஆனால், நகைத்து முடித்த பிறகு ஒன்றை எண்ணிப் பார்த்தல் நலம். காணாத லோகத்துக் கணக்கனை ஏளனம் செய்யும் நாம், காணும் உலகத்து அலுவலகங்களில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் ஏடுகளைப் பற்றி எண்ணியதுண்டா? அரசாங்க ஊழியர் ஒவ்வொருவருக்கும் பணிப்பதிவேடு ஒன்று இருக்கிறது. பிறந்த நாள், படித்த படிப்பு, பணியில் சேர்ந்த தேதி, பெற்ற உயர்வு, அடைந்த தண்டனை, மேலதிகாரியின் மதிப்பீடு அத்தனையும் அதிலே! அந்த ஏடு நல்லது சொன்னால் பதவி உயரும்; கெட்டது சொன்னால் பதவி பறிபோகும்; காணாமற் போனாலோ, முதுமையிலே ஓய்வூதியத்துக்கே வழியின்றிப் போகும்.

அந்த ஏட்டை எப்படிக் காப்பது? யாரிடமிருந்து காப்பது? யாருக்காகக் காப்பது? இக்கேள்விகளுக்கு விடை காண அமெரிக்க ஐக்கிய நாட்டின் வரலாற்றை எடுத்துக் கொள்வோம். அங்கேதான் அரசாங்க ஊழியரின் ஏடு கேடயமாகப் பிறந்தது, ஈட்டியாக மாறியது, தீயிலே வெந்தது, திருடனிடம் சிக்கியது. அத்தனைக்கும் இடையே, "என் ஏட்டை என் கண் காண வேண்டும்" என்ற உரிமைக்குரலும் அங்கே எழுந்தது.

1829 ஆம் ஆண்டு ஆண்ட்ரூ ஜாக்சன் அந்நாட்டின் குடியரசுத் தலைவரானார். அவர் காலத்திலே வேரூன்றிய பழக்கம் ஒன்று, அரை நூற்றாண்டு அந்நாட்டை ஆட்டிப் படைத்தது. தேர்தலில் வென்ற கட்சி, அரசாங்கப் பதவிகளைத் தன் ஆட்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கும்! அஞ்சலக அதிகாரி முதல் சுங்கச்சாவடி எழுத்தர் வரை, ஆட்சி மாறினால் ஆளும் மாறுவர். தகுதி என்ன? கட்சிக்கு உழைத்தது! சான்று என்ன? சிபாரிசுக் கடிதம்! ஏடு ஏது, பதிவு ஏது!

1881 ஜூலை 2 ஆம் நாள், வாஷிங்டன் இரயில் நிலையத்திலே குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு சுடப்பட்டார். சுட்டவன் சார்லஸ் கிட்டோ. தேர்தலில் உழைத்ததற்குக் கூலியாகப் பதவி கேட்டு, கிடைக்காமற் போனவன். செப்டம்பர் 19 ஆம் நாள் கார்ஃபீல்டு உயிர் துறந்தார். பதவிப் பங்கீடு ஒரு தலைவரின் உயிரையே விலையாகக் கேட்ட பிறகுதான் நாடு விழித்தது. 1883 ஜனவரி 16 ஆம் நாள் பெண்டில்டன் சட்டம் பிறந்தது. மூவர் கொண்ட சிவில் சர்வீஸ் கமிஷன் அமைந்தது. தேர்வு எழுதித் தேறியவர்க்கே பதவி என்றனர். தொடக்கத்தில் பத்துப் பதவிகளில் ஒன்றுக்குத்தான் அந்த விதி. பிறகு படிப்படியாகப் பரவிற்று.

தேர்வு வந்தது, அதன் பின்னே ஏடும் வந்தது. "இவன் யாருடைய ஆள்?" என்று கேட்ட இடத்திலே "இவன் பெற்ற மதிப்பெண் எத்தனை?" என்ற கேள்வி எழுந்தது. எனவே, தோழர்களே, பணிப்பதிவேட்டைப் பகையாகக் கருத வேண்டாம். சிபாரிசுக்கு ஆள் இல்லாத ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் காவலாகவே அது பிறந்தது.

காவல் இன்னும் ஒருபடி உயர்ந்தது 1912 இல். அதற்கு முன், 1902 இல் தியோடர் ரூஸ்வெல்ட்டும் 1909 இல் வில்லியம் டாஃப்டும், அரசாங்க ஊழியர் தம் குறைகளை நாடாளுமன்றத்திடம் நேரே சொல்லலாகாது என வாய்ப்பூட்டு ஆணைகள் பிறப்பித்திருந்தனர். அஞ்சல் ஊழியர்கள் கிளர்ந்தெழுந்தனர். அவர்தம் போராட்டத்தின் விளைவே லாய்டு-லா ஃபாலட் சட்டம். ஊழியரை நீக்குவதானால் காரணத்தை எழுத்திலே தர வேண்டும். மறுமொழி கூற அவகாசம் தர வேண்டும். குற்றச்சாட்டு, மறுமொழி, நீக்கியதற்கான காரணம் ஆகிய அனைத்தும் ஏட்டிலே சேர வேண்டும். கேட்டால் ஊழியருக்குப் படியும் தர வேண்டும். குற்றம் சாட்டியவரின் சொல் மட்டுமன்று, சாட்டப்பட்டவரின் சொல்லும் ஏட்டில் ஏற வேண்டும் என்பது எத்துணைப் பெரிய கருத்து! சித்திரகுப்தன் அறியாத நீதி அது.

ஆனால், நல்ல கருவியும் நஞ்சு தோய்ந்த கையில் சிக்கினால் என்னாகும்?

1913 இல் உட்ரோ வில்சன் ஆட்சிக்கு வந்தார். பேராசிரியர்; பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் தலைவராய் இருந்தவர்; புதிய சுதந்திரம் என்று முழங்கியவர். அவர் ஆட்சியிலே, அஞ்சல் துறையிலும் கருவூலத் துறையிலும் கறுப்பின ஊழியர்களுக்குத் தனி அறை, தனிச் சாப்பாட்டு மேசை, தனிக் கழிப்பிடம் என்று பிரித்து வைக்கத் தலைப்பட்டனர். தீண்டாமைக்குக் கடல் தடையில்லை போலும்!

1914 இல் மற்றொன்று சேர்ந்தது. பதவிக்கு விண்ணப்பிப்போர் தம் புகைப்படத்தை ஒட்டியனுப்ப வேண்டும் என்றது சிவில் சர்வீஸ் கமிஷன். ஆள்மாறாட்டத்தைத் தடுக்கவே என்று காரணம் கூறப்பட்டது. காரணம் கேட்பதற்கு இனிது, காரியமோ கொடிது! தேர்வில் முதலில் நிற்கும் மூவருள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அதிகாரிக்கு உண்டு. மதிப்பெண்ணுக்கு நிறமில்லை, புகைப்படத்துக்கு உண்டு. முதலிடம் பெற்ற கறுப்பு இளைஞரின் முகம் கண்டதும், இரண்டாமவரோ மூன்றாமவரோ "தகுதி" பெற்றுவிடுவார்! எவரும் எந்த விதியையும் மீறவில்லை. ஏடு ஒழுங்காக இருந்தது, பெட்டி பூட்டப்பட்டிருந்தது, அநீதியும் அதனுள்ளே பத்திரமாக இருந்தது.

1914 நவம்பர் 12 ஆம் நாள், பாஸ்டன் நகரத்துக் 'கார்டியன்' ஏட்டின் ஆசிரியர் வில்லியம் மன்ரோ டிராட்டர், வெள்ளை மாளிகைக்கே சென்று, அலுவலகங்களில் நிறப் பிரிவினை ஏன் என வில்சனைக் கேட்டார். பிரித்து வைப்பது உங்களுக்கும் நன்மையே என்ற பொருள்படப் பதில் வந்தது. டிராட்டர் விடாது வாதிட்டார். இனி வருவதானால் வேறொருவரைப் பேச்சாளராக அழைத்து வாருங்கள் என்று சினந்தார் தலைவர். என்.ஏ.ஏ.சி.பி. போன்ற உரிமைச் சங்கங்கள் தொடர்ந்து போராடிய பிறகே, 1940 இல் புகைப்பட விதி ஒழிந்தது. ஆள்மாறாட்டத்தைத் தடுக்க அதன்பின் கைரேகை போதுமானதாயிற்று. அப்படியானால் இருபத்தாறு ஆண்டுகள் அந்தப் படம் எதற்காக ஒட்டப்பட்டது?

இங்கே ஒரு பாடம் உண்டு. அந்தப் படத்தால் விளைந்த கொடுமையை எந்தப் பூட்டும் தடுத்திருக்க முடியாது. ஏட்டைக் காப்பது வேறு. ஏட்டுக்கு உரிய மனிதனைக் காப்பது வேறு.

இரண்டாம் உலகப்போர் முடிந்தது. புதிய அச்சம் புகுந்தது. 1947 மார்ச் 21 ஆம் நாள் ஹாரி ட்ரூமன் ஓர் ஆணை பிறப்பித்தார்: அரசாங்க ஊழியர் அனைவரின் விசுவாசத்தையும் ஆராய வேண்டும்! இதுவரை ஊழியரின் வேலையைக் குறித்த ஏடு, இனி அவருடைய எண்ணத்தைக் குறிக்கலாயிற்று. எந்தச் சங்கத்தில் இருந்தார், யாருடன் பழகினார், எந்தக் கூட்டத்துக்குச் சென்றார் என்பதெல்லாம் எழுதப்பட்டன. எழுதச் சொன்னவர் எவரெனத் தெரியாது. ஏனெனில், தகவல் தந்தோரின் பெயர் மறைக்கப்பட்டது.

டாரதி பெய்லி என்ற அம்மையார், கூட்டாட்சி அரசின் வேலைவாய்ப்புத் துறையில் பணியாற்றியவர். தொழிற்சங்கத்தின் கிளைத் தலைவராகவும் இருந்தவர். அவர் பொதுவுடைமையாளர் என்று யாரோ சொன்னார்கள். யார்? அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. விசாரித்த வாரியத்தினருக்கே அவர்கள் பெயர் தெரியாது! விசாரணையிலே கேட்கப்பட்டவற்றுள் ஒன்றைக் கேளுங்கள்: இரத்தத்தைப் பிரித்து வைப்பது குறித்துச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு நீர் கடிதம் எழுதியதுண்டா? போர்க்காலத்தில் கறுப்பரின் இரத்தத்தையும் வெள்ளையரின் இரத்தத்தையும் அச்சங்கம் தனித்தனியே சேமித்து வந்தது. விஞ்ஞானம் ஒப்பாத அந்த மடமையை எதிர்த்துக் கடிதம் எழுதுவதே விசுவாசக் குறைவுக்கு அடையாளம் என எண்ணினார்கள் போலும்!

அவர் மறுத்தார், மறுப்பு பயன் தரவில்லை. வேலை பறிபோனது. 1950 இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூவருள் இருவர் நீக்கம் செல்லும் என்றனர். 1951 இல் உச்சநீதிமன்றத்தில் நால்வர் ஒரு புறம், நால்வர் மறுபுறம். சரிபாதியாகப் பிரிந்ததால் கீழ்த் தீர்ப்பே நிலைத்தது.

சிலம்பு படித்த நமக்கு இக்கதை புதிதன்று. பொற்கொல்லன் சொல்லை நம்பிக் கோவலனைக் கொல்வித்தான் பாண்டியன். ஆயினும் பொற்கொல்லனுக்கு ஒரு முகம் இருந்தது. கண்ணகி அவையேறி வழக்குரைக்க முடிந்தது. சிலம்பை உடைத்து உண்மையைச் சிதறவிட முடிந்தது. பெய்லி அம்மையார் எந்தச் சிலம்பை உடைப்பார்? எந்தப் பொற்கொல்லனைச் சுட்டுவார்?

1948 மார்ச்சில் ட்ரூமன் இன்னோர் ஆணையும் இட்டார்: விசுவாச விசாரணை ஏடுகளை நாடாளுமன்றத்துக்கும் காட்டக் கூடாது. ஊழியரின் நற்பெயரைக் காக்க என்றனர். காரணத்தில் உண்மையும் இருந்தது. அந்த ஏடுகள் ஆத்திரக்கார அரசியல்வாதிகளின் கையில் சிக்கியிருந்தால் விளைவு மேலும் மோசமாகியிருக்கும். ஆனால், சாட்டப்பட்டவருக்கு மட்டும் சாட்டியவரின் பெயர் தெரியாமலே நின்றது. இரகசியம் எவரைக் காத்தது என்பது இப்போது விளங்குகிறதா?

1953 ஏப்ரல் 27 ஆம் நாள் ஐசனோவர் பிறப்பித்த ஆணை, வலையை இன்னும் அகலமாக விரித்தது. "பாலியல் பிறழ்வு" என்ற சொல் அதில் நுழைந்தது; ஊழியரின் படுக்கையறையும் ஏட்டில் ஒரு பக்கமாயிற்று. ஃபிராங்க் காமெனி, ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற வானியல் அறிஞர். இராணுவ வரைபடத் துறையில் பணியாற்றியவர். தன்பால் விருப்பினர் என்பதற்காக 1957 இல் நீக்கப்பட்டார். விண்மீன்களை அளந்தவரின் விஞ்ஞானத்தில் பிழை கண்டார்களா? இல்லை! 1961 இல் உச்சநீதிமன்றம் அவர் மனுவை ஏற்க மறுத்தது. அவர் ஓயவில்லை. 1975 இல் சிவில் சர்வீஸ் கமிஷன் அக்கொள்கையைக் கைவிட்டது. 2009 இல் அரசாங்கத்தின் பணியாளர் மேலாண்மை அலுவலகம், அதன் தலைவர் வாயிலாக அவரிடம் மன்னிப்புக் கேட்டது. ஐம்பத்திரண்டு ஆண்டுகள்! மன்னிப்பு வந்தது, இழந்த தொலைநோக்கி திரும்ப வரவில்லை.

ஏடு கொடுமை செய்யும் என்றால் கொளுத்திவிடலாமே எனத் தோன்றலாம். கொளுத்தினால் என்னாகும் என்பதையும் வரலாறு காட்டியிருக்கிறது.

1973 ஜூலை 12 ஆம் நாள், நள்ளிரவு கடந்த சில நிமிடங்களில், செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகே இருந்த தேசியப் பணியாளர் ஆவண மையத்தின் ஆறாவது மாடியில் தீப்பற்றியது. படைவீரர்களின் பணி ஏடுகள் அங்கே மலையாய்க் குவிந்திருந்தன. தீ கண்டதும் தானே நீர் தெளிக்கும் குழாய்கள் அந்த அடுக்குகளின் மேலே இல்லை. முழுதும் அணைய நான்கு நாட்களுக்கு மேலாயிற்று. ஏறத்தாழ 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் ஏடுகள் அழிந்தன. 1912 நவம்பருக்கும் 1960 ஜனவரிக்கும் இடையே தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டோரின் ஏடுகளில் நூற்றுக்கு எண்பது பாழாயின. இரண்டு உலகப்போர்களிலும் கொரியப் போரிலும் நின்றவர்களின் ஏடுகள்! படி எடுத்து வைக்கவில்லை. எவை இருந்தன என்று காட்டும் முழுப் பட்டியலும் இல்லை.

ஏடு எரிந்ததும் யார் மகிழ்ந்தார்? குண்டடி பட்ட வீரர் மருத்துவ உதவிக்கு மனுச் செய்தால், "நீர் படையில் இருந்ததற்குச் சான்று எங்கே?" என்ற கேள்வி நின்றது. விதவை உதவித்தொகை கேட்டாலும் அதே கேள்வி. ஆகவே, நனைந்து கருகிய தாள்களை ஒவ்வொன்றாக மீட்டனர். விண்வெளிக் கலங்களைச் சோதிப்பதற்கென அமைந்த மக்டானல் டக்ளஸ் நிறுவனத்தின் பெருங்கலத்திலே, காற்றை வெளியேற்றித் தாள்களை உலர்த்தினர். சுமார் 65 லட்சம் ஏடுகள் மீண்டன. மீளாதவற்றுக்குச் சம்பளப் பட்டியல், மருத்துவமனைக் குறிப்பு முதலியவற்றைத் துருவித் துருவி மாற்றுச் சான்று தேடும் வேலை, தலைமுறை கடந்தும் நீண்டது. எளியவனுக்கு ஏடு விலங்கு மட்டுமன்று, சொத்துமாகும்.

அதே 1973 ஜூலையில், அந்நாட்டுச் சுகாதார, கல்வி, நலத்துறை அமைத்த குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. கணிப்பொறி பரவத் தொடங்கிய காலம். குழு சில நெறிகளை வகுத்தது. இப்படி ஓர் ஏடு இருக்கிறது என்பதையே மறைக்கும் ஏடு கூடாது. தன்னைப் பற்றி எழுதப்பட்டதை ஒருவர் அறிய வழி வேண்டும். பிழையைத் திருத்த வழி வேண்டும். ஒரு காரியத்துக்கென வாங்கிய தகவலை, அவர் இசைவின்றி வேறு காரியத்துக்குப் பயன்படுத்தலாகாது. வாட்டர்கேட் ஊழலில் நிக்சன் பதவி துறந்த 1974 ஆம் ஆண்டின் கடைசி நாளான டிசம்பர் 31 இல், ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திடத் தனியுரிமைச் சட்டம் பிறந்தது. ஏட்டைப் பார்க்கலாம், திருத்தக் கோரலாம், திருத்த மறுத்தால், "இது பொய்" என்ற தன் மறுப்புரையை அந்த ஏட்டிலேயே இணைக்கச் செய்யலாம். இரகசிய வாக்குறுதி பெற்றுத் தகவல் தந்தவரின் பெயரை மறைக்க அச்சட்டத்திலும் இடமுண்டு. ஆகவே முழு வெற்றி அன்று. ஆயினும் சித்திரகுப்தனின் ஏட்டிலே மானிடன் முதன்முறையாக எழுதுகோல் வைத்தான்!

1979 முதல், பழைய கமிஷனின் ஏட்டுப் பொறுப்பு பணியாளர் மேலாண்மை அலுவலகத்திடம் வந்தது. ஊழியரின் பணிக்கோப்பிலே வலப்புறம் நிலையான தாள்கள். இடப்புறம் தற்காலிகத் தாள்கள். கண்டனக் கடிதம் இடப்புறம் சேரும். காலம் முடிந்ததும் அகற்றப்படும். ஒருமுறை தவறியவன் ஓய்வு பெறும் வரை அந்தக் கறையைச் சுமக்க வேண்டியதில்லை. மருத்துவக் குறிப்புக்குத் தனிக் கோப்பு. செயல்திறன் மதிப்பீட்டுக்குத் தனிக் கோப்பு. சம்பளம் போடும் எழுத்தர் ஊழியரின் நோயை அறிய வேண்டிய அவசியம் என்ன? பிறகு கோப்பு மின்னணு வடிவம் பெற்றது. புதிய தாள் சேரும்போது ஊழியருக்கே அறிவிப்புச் செல்லும் ஏற்பாடும் வந்தது.

எல்லாம் சரியாயிற்று என்று எண்ணிய வேளையில் வந்தது 2015. அவ்வாண்டு ஜூன் மாதம், கணிப்பொறிக்குள் புகுந்த களவாணிகள் 42 லட்சம் ஊழியர்களின் பணிப்பதிவுகளைக் கவர்ந்தனர் என அரசாங்கம் அறிவித்தது. ஜூலையில் அதைவிடப் பெரிய செய்தி வந்தது. இரகசியப் பணிக்கான பின்னணி விசாரணை ஏடுகளும் போயின. அவற்றில் இருந்தோர் 2 கோடியே 15 லட்சம் பேர்! கைரேகை பறிபோனவர்கள் 56 லட்சம் பேர். கடவுச்சொல் திருடு போனால் மாற்றிக் கொள்ளலாம். கைரேகையை மாற்ற முடியுமா? பல கணிப்பொறி அமைப்புகள் உரிய பாதுகாப்பு ஒப்புதலின்றி இயங்குவதாக, அலுவலகத்தின் தலைமை ஆய்வாளர் 2014 நவம்பரிலேயே எச்சரித்திருந்தார். எச்சரிக்கையும் ஒரு கோப்பாகத் தூங்கியது. அலுவலகத் தலைவர் பதவி விலகினார். பாதிக்கப்பட்டோர் தொடுத்த வழக்கிலே, 2022 இல் 6 கோடியே 30 லட்சம் டாலர் இழப்பீடு முடிவாயிற்று.

பூட்டு வலுவிழந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போகலாமா? பெட்டிக்குள் இருந்தது என்ன என்றும் கேட்க வேண்டாமா? குடியிருந்த வீடுகள், பட்ட கடன்கள், வெளிநாட்டு உறவினர், மனநோய்க்குப் பெற்ற சிகிச்சை என்று, நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட வினாத்தாளில் கறந்து வைத்த அந்தரங்கங்கள்! ஊழியரின் வாழ்வு முழுவதையும் துருவும் பசி, 1947 ஆம் ஆண்டு ஆணையாலும் 1953 ஆம் ஆண்டு ஆணையாலும் வளர்ந்த பசி. ஒற்றரைத் தடுக்கச் சில கேள்விகள் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால், சேர்த்து வைக்காததைத் திருடன் எடுக்க முடியாது. எழுதாமல் விடுவதும் ஒரு காவலே!

சட்டம் தானே நடக்காது; உரியவர் நடத்த வேண்டும். 2025 பிப்ரவரியில், அரசாங்கத் திறன் துறை என்ற பெயரில் புதிதாய் வந்தவர்களுக்கு ஊழியர் பதிவுகள் திறந்துவிடப்பட்டதை எதிர்த்து, தொழிற்சங்கங்கள் நியூயார்க் நகரத்துக் கூட்டாட்சி நீதிமன்றம் சென்றன. அவை ஏந்திய படைக்கலம் அதே 1974 ஆம் ஆண்டுச் சட்டம். சட்டம் மீறப்பட்டதாகக் கருத முகாந்திரம் உண்டெனக் கண்டு, ஜூனில் நீதிபதி இடைக்காலத் தடை விதித்தார். ஐம்பதாண்டுப் பழைய சட்டம் துருப்பிடிக்கவில்லை. எடுத்து வீசக் கைகள் இருந்தன.

நாம் ஆசிரியத் தொழில் செய்வோர். நன்னடத்தைச் சான்றிலே நாம் எழுதும் ஒரு சொல், ஒரு பிள்ளையை எத்தனை வாயில்கள் வரை பின்தொடரும் என்பதை அறிவோம். எழுதுகோல் ஏந்திய ஒவ்வொருவரும் சின்னஞ்சிறு சித்திரகுப்தரே. எனவே, ஏடு எழுதும் வேலைக்குச் செல்லும் இளைஞர்களும், ஏட்டில் எழுதப்படும் இளைஞர்களும் மூன்று கேள்விகளை நெஞ்சில் நிறுத்துதல் வேண்டும். இதை எழுத வேண்டிய தேவை உண்டா? இதைப் படிக்கும் உரிமை யாருக்கு? எழுதப்பட்டவர் இதைக் கண்டு, மறுத்து, தம் மறுப்பையும் இதிலே ஏற்ற முடியுமா?

மூன்றாம் கேள்விக்கு "முடியாது" என்று விடை வருமானால், இரும்புப் பெட்டியில் வைத்தாலும், சுரங்கத்தில் புதைத்தாலும், அது காக்கப்பட்ட ஏடு அன்று, பதுக்கப்பட்ட ஏடு. எமலோகத்துக் கணக்கனை ஏளனம் செய்யக் கற்ற நாம், இங்குள்ள கணக்கர்களைக் கேள்வி கேட்கவும் கற்போம்!